கடைசற் பொறி கணினி வசமான வரலாறு

கடைதல் என்னும் சொல் தமிழில் இரு தொழில்களுக்கு உரியது. மத்தினால் தயிர் கடைவதும் கடைதல். மரத்தையும் தந்தத்தையும் சுழலவிட்டு உளியால் உருவாக்குவதும் கடைதல். பழைய கடைசற் பட்டறையில் ஒருவர் கயிற்றை முன்னும் பின்னும் இழுக்க, மரத்துண்டு மத்தைப் போலவே இருபுறமும் மாறி மாறிச் சுழலும். மற்றொருவர் உளியைப் பிடிப்பார். உருவம் எங்கே இருந்தது என்று வினவினால், உளி பிடித்தவர் கையில் என்பதே விடை. பட்டறைகளில் லேத் என்று வழங்கும் இப்பொறியின் பிற்கால வரலாறு, அவ்விடை மாறிய வரலாறேயாகும்.

ஏறத்தாழ 1800இல் லண்டனில் ஹென்றி மாட்ஸ்லே அமைத்த பொறியில் உளியைக் கை பிடிக்கவில்லை. இரும்புத் தாங்கி பிடித்தது. நீண்ட மரைத்தண்டு ஒன்று அத்தாங்கியை நகர்த்தியது. அத்தண்டையும் சுழலும் வேலைப்பொருளையும் பற்சக்கரங்கள் பிணைத்தன. சக்கரங்களை மாற்றினால் வெட்டப்படும் மரையின் இடைவெளியும் மாறும். இவற்றை முதன்முதல் கண்டவர் மாட்ஸ்லேயே என்பாரும் உளர். அது மிகை, பிரான்சில் வோகான்சோன் 18ஆம் நூற்றாண்டிலேயே உளித்தாங்கியுள்ள பொறி செய்திருந்தார். மாட்ஸ்லேயின் பெருமை, நுண்மையைப் பட்டறையின் அன்றாடப் பழக்கமாக்கியதே.

அடுத்த பெருமாற்றம் அமெரிக்காவில், ஹெலிகாப்டர் இறக்கையில் பிறந்தது. மிச்சிகன் மாநிலத்தில் ஜான் பார்சன்ஸ் என்பவர் 1940களில் இறக்கைகள் செய்துவந்தார். இறக்கையின் வளைகோட்டைத் துல்லியமாக வெட்ட, அதன்மேல் பல புள்ளிகளைத் துளையட்டைக் கணக்குப் பொறியால் கணித்தனர். பின்னர் ஒருவர் எண்களை உரக்கப் படிக்க, இருவர் ஆளுக்கொரு கைச்சக்கரத்தைத் திருப்பி மில்லிங் பொறியை ஓட்டினர். எண்களைப் படிப்பவரும் சக்கரம் திருப்புபவரும் இல்லாமலே, துளையட்டை நேரே பொறியை ஓட்டினால் என்ன? 1949இல் விமானப் படை இதற்குப் பொருளுதவி தந்தது. எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தார் 1952 செப்டம்பரில் அப்பொறியை ஓட்டிக் காட்டினர். அட்டைக்குப் பதில் துளையிட்ட காகித நாடா அதை இயக்கியது. வெற்றிடக் குழாய்களும் ரிலேக்களும் நிறைந்த அலமாரிகள் அதற்குத் துணை. எண்ணத்தைத் தொடங்கிவைத்த பார்சன்ஸ் அதற்குள் ஓரங்கட்டப்பட்டிருந்தார். எனினும் அவருக்கும் உடனுழைத்த ஃபிராங்க் ஸ்டூலனுக்கும் 1958இல் காப்புரிமை கிடைத்தது.

அக்காலத்தில் வேறு வழியும் இருந்தது. கைதேர்ந்த தொழிலாளி ஒருமுறை பொறியை ஓட்ட, அவ்வசைவுகளைக் காந்த நாடாவில் பதிந்து, பொறி தானே திரும்பச் செய்யும் முறை அது. ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனம் அதைச் செய்து பார்த்தது. அம்முறை பரவாது போனதற்கு நுட்பக் குறை மட்டும் காரணமன்று, வேலையின் பிடியைத் தொழிலாளியிடம் விட்டுவைக்க நிர்வாகத்தார் விரும்பாமையும் காரணம் என்று வரலாற்றாசிரியர் டேவிட் நோபிள் 1984இல் வெளிவந்த தம் நூலில் வாதிட்டார். அவ்வாதம் முழுவதும் ஏற்கத்தக்கதோ இல்லையோ, உருவம் பட்டறையை விட்டு அலுவலகத்து மேசைக்கு ஏறியது மெய்.

அம்மேசையே பின்னர் வீட்டுக்கும் வந்தது. ஓய்வு நேரத்தில் சிறு லேத்தில் நீராவி எஞ்சின் மாதிரிகள் செய்யும் வழக்கம் இங்கிலாந்தில் பழையது; அத்தகையோருக்கென்றே மாடல் எஞ்சினியர் இதழ் 1898இல் தொடங்கியது. நூறாண்டுக்குள் அவர்கள் கைக்கும் கணினி எட்டியது. அமெரிக்க அரசின் தரநிர்ணய ஆய்வுக் கழகம் 1990களில் எழுதிய கட்டுப்பாட்டு நிரல் பொதுவுடைமையாயிற்று. அதுவே இன்று லினக்ஸ்சிஎன்சி என வழங்குகிறது.

மாற்றும் முறை எளிது. கைச்சக்கரம் இருந்த இடத்தில் ஸ்டெப்பர் மோட்டார் அமரும். அது ஒரு சுற்றை 200 அடிகளாகப் பகுத்து நகரும். மரைத்தண்டின் இடைவெளி 2 மி.மீ. என்றால் ஓரடிக்கு உளி 0.01 மி.மீ. நகரும், உருளையின் விட்டத்தில் அது 0.02 மி.மீ. குறைக்கும். மரை வெட்ட மாட்ஸ்லேயின் மாற்றுச் சக்கரங்கள் வேண்டா. சுழல்தண்டின் நிலையை எண்ணிச் சொல்லும் என்கோடர் போதும். அதே படுக்கையில் செங்குத்துத் தூணும் வெட்டுத்தலையும் பூட்டினால் லேத்தே மில்லிங் பொறியாகும். அப்போது அச்சுகளின் பெயரும் மாறும். சுழல்தண்டின் திசையையே இசட் என்பது மரபாதலால், படுக்கையின் நெடுக்கு லேத்தில் இசட். மில்லிங்கில் அப்பெயர் தூணுக்குப் போய்விடும். கடை என்னும் சொல் இடம் நோக்கிப் பெயராகவும் வினையாகவும் நிற்பது போன்றதே இது.

இடர் வேறிடத்தில் உள்ளது. பழைய தண்டுக்கும் அதன் நட்டுக்கும் இடையே சிறிது ஆட்டம் இருக்கும். கையால் ஓட்டுபவர் சற்றுப் பின்னே போய், எப்போதும் ஒரே பக்கமிருந்து அளவை அணுகுவார்; அவர் விரல்களுக்கு அது பழக்கம். கணினிக்கு அதை அளந்து எண்ணாகச் சொல்ல வேண்டும். லேத்தில் அது பெரும்பாலும் போதும். மில்லிங்கிலோ, வெட்டும் பல் மேசையை அந்த ஆட்டத்துக்குள்ளேயே இழுத்துவிடுமாதலால், எண் உதவாது. குண்டுகள் உருளும் பால் ஸ்க்ரூ வேண்டும். எம்.ஐ.டி. பொறி தான் நகர்ந்த தொலைவை அளந்து திருத்திக்கொண்டது. வீட்டில் பூட்டும் எளிய ஸ்டெப்பர் மோட்டார் அவ்வாறு அளப்பதில்லை. உளி சிக்கி நான்கடி தவறினாலும் கணினி அறியாது, மிச்ச வேலையைப் பிழையான இடத்தில் தொடர்ந்து வெட்டும். ஒலி மாறியதைக் கேட்டு நிறுத்த, அருகில் ஒருவர் நிற்கவே வேண்டியிருக்கிறது.