ஒட்டுப்போர்வையில் வழுவும் அமைதியும்

அமெரிக்க நாட்டின் ஒட்டுப்போர்வைக் கலையைப் பற்றிய பேச்சு எழுமிடமெல்லாம் ஒரு கதையும் உடன் எழுவது வழக்கம். பூரணத்துவம் கடவுள் ஒருவருக்கே உரியதாதலின், பக்தி மிக்க பெண்கள் தாம் தைத்த போர்வையில் ஏதேனும் ஒரு கட்டத்தை வேண்டுமென்றே தலைகீழாகவோ நிறம் மாற்றியோ வைத்தனர் என்பதும், அது விநயக் கட்டம் என்றே வழங்கப்பட்டது என்பதும் அக்கதையின் சாரம். பெரும்பாலும் அமிஷ் சமயத்தார்மீது ஏற்றிச் சொல்லப்படும் இக்கதை கேட்பதற்கு இனியது; தைக்கும்போது கை தவறியவர்க்கு ஆறுதலும் தருவது. ஆயினும் பார்பரா பிராக்மன் முதலிய ஒட்டுப்போர்வை வரலாற்றாசிரியர்கள் இதனை ஐயத்துடனேயே நோக்கியிருக்கின்றனர். அக்காலப் பெண்களின் எழுத்துச் சான்றுகளில் இப்படியொரு சம்பிரதாயம் நிலவியதற்கு ஆதாரம் காணப்படவில்லை. பிற்காலத்தார் பழைய போர்வையொன்றில் நிலைமாறிய கட்டத்தைக் கண்டு, அதற்கொரு காரணம் கற்பித்தனர் என்று கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

சான்றின்மை ஒருபுறமிருக்க, இக்கதை தன்னுள்ளேயே முரண்பட்டது. ஓரிடத்தில் மட்டும் பிழையை வலிந்து வைக்கும் ஒருத்தி, ஏனைய இடங்களெல்லாம் குறையற்றவை என்று முன்னமே தீர்மானித்துக் கொண்டவளாகிறாள். பணிவின் அடையாளமாகச் சொல்லப்படும் செயல் அகங்காரத்தின் உச்சமாக முடிகிறது. நவஹோ நெசவாளர் சிலர் விரிப்பின் ஓரக்கரையை ஊடறுத்து வெளிவரை ஓட விடும் மெல்லிய கோட்டையும் இக்கதைக்குத் துணையாகக் காட்டுவர். அக்கோடு நெய்பவளின் ஆன்மாவும் எண்ணமும் நெசவுக்குள் சிறைப்படாமல் வெளியேறுவதற்கு விட்ட வழியென்று அவர்களிடையே கருதப்படுவது. அதனைப் பிழையென்று எண்ணுவதே பொருந்தாது.

அப்படியாயின், ஒட்டுப்போர்வை தைப்போர் பிழையை ஏற்றுக்கொண்டனர் என்று நாம் கூறும்போது உண்மையில் எதனைக் கூறுகிறோம்? அவ்வேற்பு பக்தியினாலோ அலட்சியத்தினாலோ நேர்ந்ததன்று. துணி, நூல், காலம் ஆகியவற்றையும் ஏற்கெனவே தைத்து முடித்த பகுதியையும் ஒருசேர எடைபோட்டு, அடுத்த தையலை அதற்கேற்ப அமைத்துக்கொள்ளும் ஒரு தொழிலறிவின் கூறு அது என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். தமிழிலக்கணத்தை நெறியுறக் கற்றவர்க்கு இந்நிலை புதியதன்று. வழாநிலை, வழு என்னும் இரண்டோடு நில்லாமல், வழுவமைதி என்னும் மூன்றாவதொன்றையும் நம் இலக்கணிகள் வகுத்தனர். வழுவென்று அறிந்தே, தக்க காரணம் பற்றி அமைத்துக் கொள்வது அது. காரணம் காட்டப்படாத வழு அமைதியாவதில்லை என்பதில் அவர்கள் கண்டிப்பாகவே இருந்தனர். ஒட்டுப்போர்வையை ஆராய்வோர்க்கும் அந்தக் கண்டிப்பு வேண்டும்.

முதலில் பிழை எங்கிருந்து பிறக்கிறது என்பதைக் காணவேண்டும். துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழே அடித்துணி என்னும் மூன்றடுக்குகளையும் ஊடுருவிச் செல்லும் ஓட்டுத்தையலால் ஒன்றாக்கப்படுவது இப்போர்வை. துண்டுகளை இணைக்கும்போது ஓரத்தில் கால் அங்குலம் தையலுக்கென விடுவது இன்று பொதுவழக்கு. ஒவ்வொரு தையலிலும் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மட்டுமே கூடுதலாகப் பிடிக்கப்படுவதாகக் கொள்வோம். கண்ணுக்கு அது புலப்படாது. ஆனால் 17 சதுரங்களை 16 தையல்களால் கோத்த வரிசையொன்று அதனால் முழுதாக ஓர் அங்குலம் குறுகிப்போகும். பக்கத்து வரிசை வேறோர் அளவில் குறுகியிருந்தால், நான்கு மூலைகள் ஒரு புள்ளியில் கூடவேண்டிய இடம் கூடாது. இழையோட்டத்திற்குச் சாய்வாக, தையற்காரர் கிராஸ் என்று சொல்லும்படி வெட்டிய விளிம்போ கைபட்ட மாத்திரத்தில் நீளும். தையல் இயந்திரத்தின் பற்கள் அடித்துணியை மேல்துணியைவிடச் சற்று விரைவாக இழுக்கும். இவையெல்லாம் தைப்பவளின் குணதோஷங்கள் அல்ல, பொருளின் இயல்புகள். குறுகிய வரிசையைச் சற்றே இழுத்தும், நீண்ட வரிசையைக் கண்ணுக்குத் தெரியாத சுருக்கமாக உள்ளடக்கியும் இரண்டையும் பொருத்தும் திறமை இக்கலையின் முதற்பாடங்களில் ஒன்றாக இருப்பதே, பிழை இங்கே விலக்கன்று, விதி என்பதைக் காட்டும்.

எல்லாப் பிழைகளும் ஒரு தரத்தன அல்ல என்பதையும் இவ்விடத்தில் வற்புறுத்துதல் வேண்டும். தையலுக்கு விட்ட ஓரம் மிகக் குறுகிவிட்டால் சில சலவைகளுக்குள் இணைப்பு பிரியும். பஞ்சைப் பிடிக்கும் ஓட்டுத்தையல் மிக இடைவெளி விட்டுப் போனால் பஞ்சு நகர்ந்து ஒரு மூலையில் திரளும். குளிருக்குப் போர்த்துக்கொள்ளும் பொருளில் இவை பொறுக்கத்தக்கன அல்ல. எந்த மரபினரும் இவற்றைப் பொறுத்ததும் இல்லை. நட்சத்திரத்தின் முனை மழுங்கியது, கட்டம் திரும்பியது, நிறம் போதாமல் வேறு நிறம் புகுந்தது ஆகியவை வேறு இனம். முன்னவை பயனுக்கு மாறான பிழைகள். பின்னவை வரைபடத்திற்கு மாறான பிழைகள். வரைபடம் என ஒன்று வெளியே நின்று அதிகாரம் செலுத்தும் இடத்திலேயே இரண்டாம் வகைப் பிழை பிழையாகிறது. ஆகவே அவ்வதிகாரம் எவ்வாறு வந்தது என்பதே நம் ஆராய்ச்சிக்கு முக்கியமான வினா.

மாவட்டக் கண்காட்சிகளும் அச்சிட்ட மாதிரிகளும் அதனை வளர்த்தன. அதன் விளைவைத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி 1933-இல் சிகாகோ உலகக் கண்காட்சியை ஒட்டி சியர்ஸ் நிறுவனம் நடத்திய தேசியப் போட்டி. பொருளாதார வீழ்ச்சியின் கொடுமை உச்சத்திலிருந்த அவ்வாண்டில், முதற்பரிசான 1,000 டாலரை நாடி ஏறத்தாழ 24,000 போர்வைகள் வந்து குவிந்தன. கண்காட்சியின் முன்னேற்றக் கருத்தைத் தாமே கற்பனை செய்து தைத்தவர் பலர். நடுவர்களோ பழகிய அமைப்புகளின் நுண்ணிய வேலைப்பாட்டையே பெரிதும் மதித்தனர். கென்டக்கி மாநிலத்து லெக்சிங்டனைச் சேர்ந்த மார்கரெட் கேடன் என்பவர் அனுப்பிய எட்டுமுனை நட்சத்திரப் போர்வை, தையலின் செம்மைக்காகவே முதற்பரிசு பெற்றது. அதனை அவர் தைக்கவில்லை என்பதும், கூலிக்கு அமர்த்திய பெண்களே தைத்தனர் என்பதும், பரிசுப் பணத்தில் பங்கு பெறாத அவர்கள் வேலை போய்விடும் என்ற அச்சத்தால் வாய்திறவாமல் இருந்தனர் என்பதும், பின்னர் மெரிக்கே வால்ட்வோகலும் பிராக்மனும் அப்போட்டியை ஆராய்ந்து 1993-இல் வெளியிட்ட நூலால் விளங்கின. அந்நட்சத்திரத்தின் முனைகள் பிழையின்றிக் கூடியிருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் முனைகளை மட்டுமே அளக்கும் ஓர் அளவுகோல், தைத்தவர் யார் என்னும் வினாவைக் கேட்கவும் இடமளிக்கவில்லை என்பதைக் கலைவரலாற்று மாணவர் மறத்தலாகாது. 1979-இல் ஜப்பானிய ஓல்ஃபா நிறுவனம் வெளியிட்ட சக்கரக் கத்தி, பல அடுக்குத் துணிகளை ஒரே இழுப்பில் நேராக வெட்டும் வசதியை வீடுதோறும் கொணர்ந்தது. அட்டை மாதிரியை வைத்துக் கோடிட்டுக் கத்தரியால் வெட்டியவர்க்கு இயல்பாயிருந்த சிறு கோணல், அதன்பின் வந்தவர்க்குக் குற்றமாயிற்று.

இனி, அளவுகோல் வெளியிலிருந்து வராத ஓரிடத்தைக் காண்போம். அலபாமா ஆறு மூன்று புறமும் வளைந்தோடும் நிலப்பகுதி ஜீஸ் பெண்ட். 1816-இல் ஜோசப் ஜீ என்பவர் அங்கே பருத்தித் தோட்டம் அமைத்தார்; 1845-இல் அது மார்க் பெட்வே என்பவர் கைக்கு மாறியது; அங்கே அடிமைகளாயிருந்த கறுப்பினத்தாரின் சந்ததியார் பலர் இன்றும் பெட்வே என்னும் பெயரையே தாங்கி வாழ்கின்றனர். 1932-இல், கடன் கொடுத்து வந்த வணிகர் ஒருவர் இறந்தபின், அவர் மனைவியின் சார்பில் வந்தோர் அவ்வூர்க் குடும்பங்களின் கால்நடைகளையும் கருவிகளையும் உணவுப் பொருள்களையும் கடனுக்காக வாரிச் சென்றனர். சிகாகோவில் பரிசு அறிவிக்கப்பட்ட ஆண்டுக்கு முந்திய ஆண்டு அது. காற்று புகும் பலகை வீடுகளில் குளிர்காலத்தைக் கழிக்கப் போர்வையன்றி வேறு காப்பில்லாத அப்பெண்கள், பழைய வேலையுடைகளையும் மாவுச் சாக்குகளையும் கிழித்துத் தைத்தனர்.

1942-இல் மிசூரி பெட்வே தைத்த போர்வையை இங்குக் குறிப்பிட்டே ஆகவேண்டும். கணவர் இறந்தபின், அவர் வயலில் உடுத்தியிருந்த உடைகளையே துண்டுகளாக்கி, அவர் நினைவாகவும் அவர் அன்பைப் போர்த்துக்கொள்வதாகவும் அதனைத் தைத்தார் என்று அவருடைய மகள் அர்லோன்சியா பெட்வே பின்னாளில் நினைவுகூர்ந்தார். வெயிலிலும் சலவையிலும் வெளுத்த நீலங்களும் சாம்பல் நிறங்களும் சமமற்ற பட்டைகளாகவும் கட்டங்களாகவும் அதில் நிற்கின்றன. விளிம்புகள் நேராக இல்லை. அவ்விளிம்பை நேராக்க வேண்டுமாயின் அந்த உடைகளிலிருந்து மேலும் ஒரு பகுதியை வெட்டியெறிய வேண்டும். எந்தப் பகுதியை எறிவது? இக்கேள்விக்குமுன் வரைபடத்தின் அதிகாரம் செல்லாக்காசாகிறது.

துணியின் நிலையும் இத்தகைய தீர்ப்பில் பங்கு கொள்கிறது. புதுத்துணியில் தவறிய தையலைப் பிரித்து மறுபடி தைக்கலாம். ஊசித்துளைகள் சலவையில் மூடிக்கொள்ளும். ஆண்டுக்கணக்காக உழைத்து நைந்த துணியில் தையலைப் பிரித்தால் இழை அறும், ஓரம் சிலும்பும், இரண்டாம் முறை தையலுக்கு விட ஓரமே மிஞ்சாது. ஆகவே கோணிய இணைப்பை அப்படியே விட்டு, அடுத்த பட்டையை அக்கோணலுக்கு எதிராகச் சாய்த்து வைப்பது சோம்பலன்று; மிகவும் கூர்மையான கணிப்பு. நடுவில் ஒரு துண்டை வைத்துச் சுற்றிலும் பட்டைகளை அடுக்கிக்கொண்டே போகும், அவ்வூரார் வீட்டுக்கூரை என்று வழங்கும் அமைப்பில் இதனைக் கண்கூடாகக் காணலாம்: உள்ளே நேர்ந்த சிறு சாய்வு, வெளியே போகப் போகப் பெருகி, பின் ஓர் அகன்ற பட்டையால் தடுத்து நிறுத்தப்பட்டு, மறுபுறம் திரும்புகிறது. முந்திய தையலுக்குப் பிந்திய தையல் விடையளித்துக்கொண்டே வருவதால், இறுதியில் எது பிழை எது கருத்து என்று பிரித்துக் காட்டுவது அரிதாகிறது. வழுவமைதி என்று முன்னே கூறியது இங்கே ஒருபடி மேலே செல்கிறது. இலக்கணத்தில் விதி மாறாமல் நிற்க வழு அமைக்கப்படும், இங்கோ அமைந்த வழுவே மேற்கொண்டு தைப்பதற்கு விதியாகிவிடுகிறது.

இவர்களுக்கு அளவாகத் தைக்கத் தெரியாததால் கோணலாகத் தைத்தனர் என்று எவரேனும் வாதிக்கலாம். அவ்வாதத்திற்கு வரலாறே மறுப்பு. 1966-இல், வாக்குரிமைப் போராட்டத்தின் சூழலில், பிரான்சிஸ் வால்ட்டர் என்னும் பாதிரியாரின் முயற்சியோடு ஃப்ரீடம் குயில்ட்டிங் பீ என்னும் கூட்டுறவுச் சங்கம் அப்பகுதியில் தோன்றியது. நியூயார்க்கின் பெருங்கடைகளுக்கு அனுப்பும் போர்வைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்கவேண்டும் என்பது அங்கே நிபந்தனை. ஜீஸ் பெண்டின் பெண்கள் பலர் அந்நிபந்தனைக்கு இணங்க வேலை செய்து கூலி பெற்றனர். 1972-இல் சியர்ஸ் நிறுவனத்திற்கான தலையணை உறைகளைத் தைக்கும் ஒப்பந்தம் வந்தபோது, மிஞ்சிய கார்டுராய்த் துண்டுகள் வீடுகளுக்குப் போயின. பகலில் அளவு பிசகாமல் உறை தைத்த கைகளே அத்துண்டுகளால் எந்த அளவுக்கும் கட்டுப்படாத போர்வைகளைத் தைத்தன. இரண்டு வகை வேலையும் ஒரே காலத்தில் ஒரே ஊரில் நடந்திருக்க, ஒன்றை அறியாமையென்று கூற இடமில்லை. சிகாகோப் போட்டியை நடத்திய அதே நிறுவனத்தின் துணி இப்படிப் பயன்பட்டது என்பது எனக்கு மிகுந்த மனநிறைவைத் தருகிறது.

மற்றொரு பக்கத்திலும் எச்சரிக்கை வேண்டும். இக்கோணல்களையெல்லாம் ஆப்பிரிக்க நெசவு மரபின் எச்சம் என்று விளக்கிய ஆராய்ச்சியாளர் உண்டு. அவர்கள் காட்டும் ஒப்புமைகள் சில சிந்திக்கத்தக்கவை. எனினும் கறுப்பினப் பெண்கள் தைத்தவையனைத்தும் இத்தகையனவே என்று பொதுமைப்படுத்துவதை ஒட்டுப்போர்வை வரலாற்றாசிரியர் குயெஸ்டா பென்பெரி தம் ஆய்வுகளால் கண்டித்தார். நுட்பமான அளவோடு தைத்த கறுப்பினக் கலைஞர் எண்ணற்றோர் இருந்தனர் என்பதை எடுத்துக்காட்டினார். அவர் கட்சியே வலிமையுடையது என்பது என் முடிபு. கோணலை ஓர் இனத்தின் லட்சணமாக்கினால், தைத்தவளின் தனித் தீர்ப்பை மறுபடியும் பறித்துக்கொள்கிறோம். முன்பு அதனைக் குறையென்று பறித்தோம், இப்போது புகழ்ச்சியென்று பறிக்கிறோம். வறுமையையே கலையின் தாயென்று போற்றுவதும் இத்தகையதே. வறுமையும் கணவரின் மறைவும் மிசூரி பெட்வேக்கு நேர்ந்த இன்னல். அதிலிருந்து அவர் செய்து கொண்டதே அவருடைய கலை.

2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பின்னர் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் இப்போர்வைகள் சுவர்களில் தொங்கியபோது பார்த்தவர்கள் வியந்தனர். 2006-இல் அஞ்சல் தலைகளிலும் அவை இடம்பெற்றன. அவ்வங்கீகாரம் மகிழ்தற்குரியதே. ஆனால் போர்வையைச் சுவரில் ஓவியம்போல் மாட்டும்போது முன்பக்கம் மட்டுமே காட்சிக்கு வருகிறது. நாம் இதுவரை கூறிய வழக்குக்குரிய சான்றோ பின்பக்கத்திலும் இணைப்புகளின் உட்புறத்திலும் கிடக்கிறது. நைந்த துணியில் ஒரு தையல் பிரிக்கப்பட்டுத் திரும்பத் தைக்கப்பட்டிருந்தால் பழைய ஊசித்துளைகளின் வரிசை பெரும்பாலும் அருகில் தெரியும், நூலும் மாறியிருக்கலாம். பிரித்துத் திருத்திய இடங்களும் கோணலாகவே விட்ட இடங்களும் ஒரே போர்வையில் காணப்படுமானால், விட்டது தெரிந்தே விட்டது என்பதற்கு அதனினும் வலிய பிரமாணம் வேண்டுவதில்லை. அருங்காட்சியக அட்டவணைகளில் ஒழுங்கின்மை, பிழை, தற்செயல் என்று எழுதுவதற்கு முன் இச்சோதனையைச் செய்வதும், செய்ததன் விவரத்தைப் பதிவதும், தைத்தவரோ அவர் மக்களோ உயிரோடிருப்பின் அவர்கள் வாய்மொழியை அதனருகில் வைப்பதும் இத்துறையில் உழைப்போர் உடனே மேற்கொள்ளவேண்டிய கடமைகளாம்.