நேர்கோடு கண்ட வரலாறு

ஃபேரர் பார்க் ஒரு காலத்தில் குதிரைப்பந்தயத் திடலாக விளங்கிய இடம். 1919 டிசம்பர் 4ஆம் நாள் ராஸ் ஸ்மித் இங்கிலாந்திலிருந்து ஓட்டிவந்த விமானம் இறங்கியதும் அத்திடலிலேதான். கடிவாளம் பற்றிய கையும் விமானியின் கண்ணுமே அன்று வழிகாட்டின. 2003 ஜூன் 20 முதல் அப்பகுதியின் நிலத்தடியில் ஓட்டுநரில்லா ரயில்கள் ஓடுகின்றன. நிலைய மேடையின் கண்ணாடிக் கதவுகள் பிறழாமல் நேர்கோட்டில் நகர்கின்றன. எளிதெனத் தோன்றும் இந்நேர்மையை இரும்பிடமிருந்து பெற மனிதன் பட்ட பாடு பெரிது.

ஜேம்ஸ் வாட்டின் நீராவிப் பொறியில் உந்துதண்டு மேலும் கீழும் நேராகச் சென்றது. அதனோடு இணைந்த உத்தரத்தின் முனையோ வில்போல் வளைந்து சென்றது. நீண்ட இரும்புப் பரப்பைச் செம்மையாகச் சமன்செய்யும் இயந்திரம் அக்காலத்தில் இல்லை. ஆகவே வாட், 1784இல், சில கோல்களை இணைத்து ஏறக்குறைய நேரான இயக்கத்தைப் பெற்றார். கோல்களைக் கொண்டே பிழையற்ற நேர்கோட்டை வரையும் வழியைப் பிரெஞ்சு அதிகாரி போசெல்லியே 1864இல் கண்டறிந்தார். இடையில் கழிந்தவை எண்பது ஆண்டுகள்!

இதற்கிடையே, சமப்பரப்பை ஆக்கும் முறையை விட்வொர்த் 1840இல் விளக்கினார். இரு தகடுகள் ஒன்றோடொன்று பொருந்துவதால் மட்டும் அவை சமமாகிவிடா. ஒன்று குழிந்தும் மற்றது குவிந்தும் இருக்கலாம். மூன்று தகடுகள் மாறிமாறிப் பொருந்தினால்தான் சமன் உறுதியாகும். அத்தகைய பரப்புகளே இயந்திர வழிகாட்டிகளுக்கு அடிப்படையாயின.

இன்று கணினி மாதிரியில் இவ்வுழைப்பு ஒரு நொடியில் முடிகிறது. வெளியில் ஒரு பொருள் மூன்று திசைகளில் நகரலாம். மூன்று அச்சுகளைப் பற்றிச் சுழலலாம். இவ்வாறினுள் ஐந்தைத் தடுத்து ஒன்றை மட்டும் விடுத்தால் வழிகாட்டி அமைந்துவிடும். ஆயின் அது வளையாத, உராயாத, இடைவெளியற்ற வழிகாட்டி. மேசை இழுப்பறையை ஒரு மூலையைப் பற்றி இழுத்தால் அது சாய்ந்து சிக்கிக்கொள்வதை யாவரும் அறிவர். உராய்வும் இடைவெளியும் சேர்க்கப்படாத மாதிரியில் அவ்விழுப்பறை ஒருநாளும் சிக்காது!

ஓட்டுநர் இருந்தால் கோளாற்றை உடனே உணரக்கூடும். அவர் இல்லாத வண்டியில், முன்கூட்டியே எண்ணிப் பார்க்கப்படாத பிழையைப் பயணிகளே முதலில் காண்பர். எனவே நேர்கோட்டை இயல்பென்று கொள்ளாது, அரிதின் பெற்றதென்று கருதி மாதிரி வகுப்பதே அறிவுடைமை.