வடசென்னையின் வட்டார வரலாறும் அதனைக் காப்போரும்

ஒரு நகரத்தின் பிறந்தநாளைக் குறிப்பது எளிய செயலன்று. சென்னைக்கு அது குறிக்கப்பட்டுவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியார் நாயக்கரிடமிருந்து கடற்கரையில் ஒரு மணற்பகுதியைப் பெற்ற நாளாகக் கருதப்படும் 1639 ஆகஸ்டு 22ஐ நினைவுகூர்ந்து, 2004ஆம் ஆண்டு முதல் 'சென்னை நாள்' கொண்டாடப்பட்டு வருகிறது. அரசாணையால் பிறந்த விழா அன்று இது. ஆர்வலர் சிலரின் முயற்சியால் தோன்றியது. அவர்களுள் முதன்மையானவர் எஸ். முத்தையா (1930-2019). இலங்கையில் இதழாளராகப் பணியாற்றிப் பின் சென்னையில் குடியேறிய அவர், 1981இல் இந்நகரைப் பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டார். 1991இல் 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்னும் இதழைத் தொடங்கினார். பழைய கட்டடம் என்றால் இடிக்கத்தக்கது என்று எண்ணிய ஒரு காலத்தில், அது காக்கத்தக்கது என்னும் எண்ணத்தை நகரத்தார் நெஞ்சில் விதைத்த பெருமை அவருக்கு உண்டு.

அம்முயற்சியின் பயனை வடசென்னையும் பெற்றது. 1856இல் தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் புறப்பட்ட இடம் இராயபுரம். அங்கிருந்து அது வாலாஜா ரோடு வரை சென்றது. பம்பாயிலும் தானாவிலும் எழுந்த முதல் நிலையக் கட்டடங்கள் மறைந்துபோக, இராயபுரம் நிலையமே இந்நாட்டில் எஞ்சி நிற்பவற்றுள் மிகப் பழமையானது. நீண்ட காலம் பேணுவாரின்றிக் கிடந்த அந்நிலையம் 2005இல் புதுப்பிக்கப்பட்டது. உயர்ந்த தூண்களோடு கூடிய அதன் முகப்பு இன்றும் நிற்பது வரலாற்று ஆர்வலர்க்கு மகிழ்ச்சி தருவதே.

ஆனால் 1639ஐத் தொடக்கமாகக் கொண்டுவிட்டால், கோட்டையிலிருந்து சில கல் தொலைவில் வடக்கே உள்ள திருவொற்றியூரை எங்கே வைப்பது? கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அது சமயமும் கல்வியும் செழித்த பேரூர். திருவொற்றியூர் என்றதும் சங்கிலியாரும் சுந்தரரும் மகிழமரமும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. அத்தலத்தின் கல்வெட்டுகள் காட்டும் ஊரோ இன்னும் விரிந்தது. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் 20ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த வடமொழிக் கல்வெட்டு ஒன்று, ஒரு படைத்தலைவனின் துயரத்தைச் சொல்கிறது. சேர நாட்டிற் பிறந்த வல்லபன் என்பவன் சோழ இளவரசன் இராசாதித்தனுக்கு உற்ற துணைவனானான். 949இல் தக்கோலப் போரில் இராசாதித்தன் மாண்டபோது அவன் அருகில் இல்லை. தலைவனோடு உயிர்விடும் பேறு வாய்க்கவில்லையே என்று வருந்தித் துறவு பூண்டு, திருவொற்றியூரை அடைந்து, சதுரானன பண்டிதர் என்னும் பெயருடன் மடத்துத் தலைமையை ஏற்றான். இக்கல்வெட்டைப் பதிப்பித்தவர் வடமொழிப் பேரறிஞர் வே. இராகவன்.

அப்பெயர் அம்மடத்தின் பட்டப்பெயராகவே நிலைத்தது. முதலாம் இராசேந்திரன் காலத்தில் சதுரானன பண்டிதர் ஒருவரின் பணிப்பில், கரிய கல்லால் விமானத்தை எடுத்த சிற்பியின் பெயரும் நமக்குக் கிடைக்கிறது: இரவி என்னும் வீரசோழத் தச்சன். மன்னர்களின் மெய்க்கீர்த்திகளுக்கு நடுவே ஒரு தச்சனின் பெயர் தங்கியிருப்பது சிறிய செய்தியன்று. இரண்டாம் இராசாதிராசன் இக்கோயில் மண்டபத்தில் அமர்ந்து, ஆளுடைய நம்பியாகிய சுந்தரரின் வரலாறு படிக்கக் கேட்டதை மற்றொரு கல்வெட்டு குறிக்கிறது. இலக்கணம் கற்பித்தற்கெனவே இங்கு ஒரு மண்டபம் இருந்தது.

இக்கல்வெட்டுகளுள் பெருந்தொகையானவை 1911, 1912ஆம் ஆண்டுகளில் அரசுக் கல்வெட்டுத் துறையினரால் படியெடுக்கப்பட்டன. துறையின் ஆண்டறிக்கைகளில் அவை ஆங்கிலத்தில் சில வரிச் சுருக்கங்களாக இடம்பெற்றன. மைப்படிகள் அலுவலகத்தோடு இடம்பெயர்ந்து உதகமண்டலத்திலும், 1966 முதல் மைசூரிலும் தங்கின. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவருமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது 2021இல். ஒற்றி என்பது அடைமானம். ஊரின் பெயருக்கேற்ப அதன் வரலாறும் அயலூரில் ஒற்றியாகக் கிடந்தது போலும்! படியெடுத்தோரின் உழைப்பைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. அவர்கள் இல்லையேல் சுண்ணாம்புப் பூச்சிலும் திருப்பணிகளிலும் எத்தனையோ வரிகள் அழிந்திருக்கும். எனினும், காத்தல் ஒன்று, ஊராரிடம் சேர்த்தல் மற்றொன்று. நாள்தோறும் அச்சுவரை வலம் வருபவர் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் போவாராயின், காத்ததன் பயன் பாதியே. புதுக்கோட்டைச் சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட கல்வெட்டுகளின் மூலவாசகங்களைத் தொகுத்து 1929இலேயே நூலாக்கியது. இங்கிலாந்தில் 1899இல் தொடங்கிய விக்டோரியா மாவட்ட வரலாற்று வரிசை, ஊர் ஊராகச் செய்திகளைத் திரட்டி இன்றளவும் தொடர்கிறது. ஒரு வட்டாரம் தன் சான்றுகளைத் தன் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்வதற்கு இவை தக்க முன்மாதிரிகள்.

கல்லில் எழுதப்பட்டதன் நிலை இதுவென்றால், எழுதப்படாததன் நிலையை என்னென்பது! இராயபுரம் என்னும் பெயரையே எடுத்துக்கொள்வோம். இராயர் எவரையோ தேட வேண்டியதில்லை. பேதுருவைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்பர். அவர் பெயரில் அமைந்த ஆலயத்தால் ஊர் பெயர் பெற்றது என்பதே பொருந்துகிறது. அவ்வாலயத்தோடு நெருங்கிய தொடர்புடையோர் படகோட்டிகள். துறைமுகம் இல்லாத காலத்தில், ஆணி அறையாது கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளில் அலைகளைக் கடந்து, கப்பலுக்கும் கரைக்கும் இடையே மனிதரையும் பொதிகளையும் சுமந்தவர்கள் அவர்களே. கம்பெனியின் வாணிகம் முழுவதும் அவர்களுடைய துடுப்பை நம்பியிருந்தது. ஆயினும் ஆளுநர்களின் பெயர்கள் தெருக்களில் நிலைத்த அளவுக்கு அவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

பின்னர் துறைமுகம் வந்தது. 1870களில் பணி தொடங்கி, 1881ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, மீண்டும் கட்டப்பட்ட அத்துறைமுகம், படகோட்டிகளின் தொழிலை மட்டும் பறிக்கவில்லை. இக்கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்வது. துறைமுகச் சுவர் அதனைத் தடுத்தது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்துக் குன்றி, இராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை கரையைக் கடல் அரித்தது. மீனவர் தெருக்கள் கடலுக்குள் போயின. பின்னாளில் கரை நெடுகக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. மெரினாவின் அழகைப் பாடாத நூல் இல்லை. அவ்வழகுக்கு வடகரை கொடுத்த விலை இது என்று சேர்த்துச் சொல்லும் நூல்களோ அரியன. நகர வரலாறு எவ்விடத்தில் நின்றுகொண்டு எழுதப்படுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஆகவே வடசென்னைக்கு வேண்டிய வரலாற்றுக் கழகம், கட்டடங்களை மட்டும் காப்பதாக இருத்தல் போதாது. கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு, காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் மீனவர் வழங்கும் பெயர்கள், கடல் கொண்ட தெருக்களின் பெயர்கள் ஆகியன முதியோர் நினைவில் மட்டுமே வாழ்வன. இவற்றை ஒலிநாடாவிலோ இக்காலக் கருவிகளிலோ பதிவு செய்வதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. உள்ளூர்ப் பள்ளி ஆசிரியரும் கல்லூரி மாணவரும் முன்வந்தால் போதும். ஆங்கிலம் அறிந்தோர் கூட்டத்திலேயே நின்றுவிடாமல், திரட்டியது தமிழில், அவ்வூர்ப் படிப்பகத்தில் கிடைத்தல் வேண்டும்.

தொழிற்சாலைகளின் வரலாறும் இதனுள் அடங்கும். எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தொடங்கியது. திருவொற்றியூரில் 1950களில் என்ஃபீல்டு தொழிற்சாலை எழுந்தது. இவற்றின் வரலாற்றை நிறுவனங்கள் ஓரளவு எழுதிவைக்கும். எண்ணூர் அனல்மின் நிலையத்தின் கதை வேறு. 1970இல் மின் உற்பத்தியைத் தொடங்கிய அது 2017இல் மூடப்பட்டது. அங்குக் கொதிகலன் முன் நின்றவர்களின் பணி அடையாள அட்டைகளும் தொழிற்சங்கத் துண்டறிக்கைகளும் குழு ஒளிப்படங்களும் எந்த ஆவணக் காப்பகத்திற்கும் தாமாக நடந்து செல்வதில்லை. ஓய்வு பெற்றவர் வீடு மாறும்போது அவை பழைய தாள் வாங்குவோரின் தராசுக்குத்தான் போகின்றன.