வைத்தியசாலையின் உடைமையும் வைத்தியச் செலவின் பொறுப்பும்

தேசங்களின் வைத்திய ஏற்பாடுகளை ஒப்பிடப் புகுவோர், சர்க்கார் வைத்தியம், தனியார் வைத்தியம் என இரு வகுப்பாகப் பிரித்து, ஒன்றன் குணத்தையும் மற்றதன் தோஷத்தையும் எடுத்தோதுவது வழக்கம். இப்பாகுபாடு, ஆஸ்பத்திரி யாருடைய உடைமை, செலவை ஏற்பவர் யார், கட்டணத்தை நிர்ணயிப்பவர் யார் என்னும் மூன்று வினாக்களை ஒன்றாகக் கலந்துவிடுகிறது. இவற்றுள் பின்னிரண்டுமே நோயாளியின் கதியைப் பெரிதும் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் துணிபு.

அரசுடைமைக்குத் தலையாய உதாரணமாகக் காட்டப்படுவது பிரிட்டன். அங்கே 1948 ஜூலை 5-ஆம் தேதி, சுகாதார மந்திரி அனூரின் பெவனின் முயற்சியால், தேசிய சுகாதார சேவை தொடங்கி ஆஸ்பத்திரிகள் சர்க்கார் வசமாயின. ஆயினும் குடும்ப வைத்தியர்கள் சம்பள உத்தியோகஸ்தர்களாகாமல் ஒப்பந்த முறையில் சுயேச்சையாகவே தொழில் நடத்தினர்; நிபுணர்களுக்கோ, சர்க்கார் ஆஸ்பத்திரிக்குள்ளேயே கட்டணம் பெற்றுத் தனி நோயாளிகளைப் பார்க்கும் சலுகையும் அளிக்கப்பட்டது. ஆகவே தூய அரசு வைத்தியம் என்பது அதன் தலையாய உதாரணத்திலேயே காணக் கிடைப்பதன்று.

ஜப்பானோ இதற்கு மறுதலை. அங்கு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலானவை தனியாருடையவை. எனினும் 1961 முதல் பிரஜைகள் அனைவரும் ஏதேனுமொரு பொது இன்ஷ்யூரன்ஸில் சேர்ந்தவர்களாயிருக்க, ஒவ்வொரு சிகிச்சைக்கும் உரிய கட்டணத்தைச் சர்க்காரே நிர்ணயித்து, இரண்டு வருஷத்துக்கொரு முறை திருத்தி, தேசமெங்கும் ஒரே விகிதமாக விதிக்கிறது. பொதுக் காப்பீடு வைத்தியரின் சுதந்திரத்தைப் பறிக்கும் என்னும் அச்சத்துக்குக் கனடா விடையளிக்கிறது. அங்கே சஸ்காட்சிவான் மாகாணத்தில், 1962-இல் பொது வைத்தியக் காப்பீட்டை எதிர்த்து வைத்தியர்கள் 23 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். திட்டம் நிலைபெற்றது, அவர்களுடைய தொழிற்சுதந்திரமும் அழியவில்லை.

அமெரிக்காவில் 1965-இல் முதியோருக்கும் வறியோருக்கும் சர்க்கார் திட்டங்கள் ஏற்பட்டு, பொதுப்பணம் ஏராளமாகச் செலவாகிறது. ஆயினும் பெரும்பான்மையோரின் காப்பீடு உத்தியோகத்தைத் தொற்றியிருப்பதாலும், ஒரே சிகிச்சைக்கு ஒவ்வொரு இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியும் தனித்தனி விலை பேசுவதாலும், தேசிய வருமானத்தில் ஏறக்குறைய 17 சதவீதத்தை விழுங்கியும் அவ்வேற்பாடு லட்சக்கணக்கானோரைக் காப்பீடின்றி விட்டிருக்கிறது. வைத்தியம் சந்தைக்கு அடங்காததன் காரணத்தைப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ 1963-இலேயே விளக்கினார்: நோய் எப்போது வருமென்பதும், எந்தச் சிகிச்சை பயன் தருமென்பதும் நிச்சயமின்மையில் மூழ்கியிருக்க, வைத்தியன் அறிந்ததை நோயாளி அறியாதபோது, சாதாரணச் சந்தையின் நியாயம் அங்கே செல்லாது.

பொதுப்பணத்தில் நடக்கும் வைத்தியம் காத்திருப்போர் வரிசையை நீட்டும் என்பது எதிர்த்தரப்பாரின் வலிய ஆட்சேபம். பிரிட்டனின் அனுபவம் அதற்குச் சான்றும் அளிக்கிறது. ஆனால் அவ்வரிசை, பலரும் செலவைப் பகிர்ந்துகொள்வதால் மட்டும் நீள்வதன்று. கஜானா எவ்வளவு வழங்குகிறது என்பதைப் பொறுத்து நீள்வதும் குறுகுவதும் உண்டு. உடைமை மட்டும் நோயாளியைக் காப்பதில்லை என்பதற்கும் அங்கேயே சான்றுண்டு: 1951-இல் சர்க்கார் பற்கட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்கத் துணிந்தபோது, பெவன் மந்திரிசபையிலிருந்து விலகினார். ஆஸ்பத்திரிகள் அரசுடைமையாயிருந்தும் கட்டணம் வந்தே தீர்ந்தது. எனவே சீர்திருத்தம் நாடும் ராஜ்யங்கள், ஆஸ்பத்திரியை யாரிடம் ஒப்படைப்பது என்று வாதிடுமுன், நோய் வருமுன்னரே செலவைப் பகிரும் கடமையையும் கட்டணத்தை வரையறுக்கும் அதிகாரத்தையும் சட்டத்தால் உறுதிசெய்வதே முறை.