தூளின் சூடும் விறகின் சூடும்

பதுளைப் பக்கத்துத் தேயிலைப் பெக்டரிகளுக்கு விறகு ஏற்றும் லொறி எங்கள் வாப்பாவுடையது. 1973இல் உலக எண்ணெய் விலை ஏறிய பிறகு எண்ணெய் அடுப்புகள் பல விறகுக்குத் திரும்பியிருந்த காலம். விறகை யாரும் நிறுப்பதில்லை. அடுக்கி, நீள அகல உயரம் அளந்துதான் காசு. ஒரு மழை நாளில் டீமேக்கர் கட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நானா, இது வெறகு இல்ல, தண்ணி. காய வச்சுக் கொண்டாங்க" என்றார். பாதிக் காசுதான் தந்தார்கள். "அளவு சரியாத்தானே ஈக்கிது?" என்று வாப்பா வழியெல்லாம் முணுமுணுத்தார்.

தேயிலையின் வரலாறே ஒருவகையில் இந்தச் சூட்டின் வரலாறுதான். 1867இல் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், பங்களா விறாந்தை மேசையில் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி மூட்டிக் கம்பித் தட்டில் காயவைத்தார். கோப்பி நோய்க்குப் பலியானபின் ஊவா மலைகளும் தேயிலைக்கு மாறின. 1890இல் லிப்டன் ஹப்புத்தளைக்கு மேலே தம்பேதென்னையை வாங்கினார். அதற்குள் டேவிட்சனின் 'சிரொக்கோ' உலர்த்தி வந்துவிட்டது. சகாராவின் சுடுகாற்றுக்கு உரிய பெயர் அது. கிழக்கைக் குறிக்கும் 'ஷர்க்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தது என்பர்.

கொழுந்தை உருட்டும்போது அதன் கலங்கள் உடைகின்றன. சாறு ஒட்சிசனோடு சேர, நொதியத்தின் துணையால் பச்சைத் தூள் செம்பு நிறமாகிறது. அப்போது தூள் தானாகவே சூடேறும். பாடப் புத்தகம் சொல்லும் புறவெப்பத் தாக்கம் இதுதான். தூளை மெல்லியதாகப் பரப்பி அந்தச் சூட்டை வெளியேற்றாவிட்டால் வாசனை கெடும். இதை 'நொதித்தல்' என்றதும் நம்மவர் சிலர் மதுவை நினைத்து நெற்றியைச் சுருக்குவதுண்டு. மதுவமும் இல்லை, அற்ககோலும் உண்டாவதில்லை. இது வெறும் ஒட்சியேற்றம்.

அந்தத் தாக்கத்தைச் சரியான வேளையில் நிறுத்துவது உலர்த்தியின் வெப்பம். நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது. வாட்டும்போதே பெரும்பங்கு நீர் போய்விடும். ஆடி, ஆவணியில் மலை தாண்டி வரும் கச்சான் காற்று காய்ந்தது, ஊவாவில் அந்த வேலையை அது இலவசமாகவே செய்துவிடும். மிச்ச நீரை ஆவியாக்க விறகு எரியத்தான் வேண்டும்.

டீமேக்கர் சொன்னதைப் பிற்காலத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ காய்ந்த மரம் எரிந்தால் சுமார் 18,000 கிலோயூல் வெப்பம். அதோடு ஒரு கிலோ ஈரம் இருந்தால், அதைச் சூடாக்கி ஆவியாக்க ஏறத்தாழ 2,600 கிலோயூல் போகும். ஏழில் ஒரு பங்கு. ஈர விறகு புகையும், அடுப்பு தணியும், அதற்கும் கொஞ்சம் கழிக்கலாம். ஆனாலும் பாதிக் காசை வெட்டியது நியாயமில்லை.

வாப்பா கணக்குப் போடவில்லை. வளவில் தகரக் கொட்டில் அடித்து, விறகை மாதக் கணக்கில் காயவைத்தே ஏற்றினார். காய்ந்த கட்டை சுருங்கும். அளவுகோல் வைத்தபோது லொறிக்கு லொறி அடுக்கு குறைந்தது. அந்தக் குறைவுக்கும் காசு வெட்டினார்கள்.