கொழுக்கட்டைப் புல்லும் கொறங்காடும்

தோட்டத்துல தரையை மூட என்ன வைக்கலாம்னு கேட்டா, கொரியன் புல்லுங்கறாங்க. அதுக்கு யாரு தண்ணி ஊத்தறது?

காங்கேயம், தாராபுரம் பக்கம் மானாவாரி நிலத்துக்கு நம்ம ஆளுங்க எப்பவோ தேர்ந்தெடுத்தது கொழுக்கட்டைப் புல் (திங்கற கொழுக்கட்டை இல்லீங்க!). சுத்தி கிளுவை வேலி, அங்கங்கே வெள்வேல மரம், கீழே புல். இதுதான் கொறங்காடு. காட்டைத் தடுத்து மாத்தி மாத்தி மேய்ப்பாங்க; ஒரு பக்கம் மாடு, இன்னொரு பக்கம் புல் தலையெடுக்கும். பராமரிப்பு அவ்வளவுதான். பழையகோட்டைப் பட்டக்காரர் பேர் வாங்கிக் கொடுத்த காங்கேயம் மாடு வளர்ந்தது இந்த மேய்ச்சல்லதான்.

தமாஷ் என்னன்னா, இதே புல் ஆஸ்திரேலியாவுல காட்டுத்தீயைப் பெருசாக்கற களை! அங்கே பேரு பஃபெல்.

2011ல சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்டப்போ, எங்க வீட்டுல நாள்பூரா நொய்யல் பேச்சுதான். சைட்டுக் கல்லு நட்ட கொறங்காட்டைப் பத்தி ஒரு வார்த்தை வரலை.