ஒரே சட்டையில் 17 பருவங்கள்

கொல்கத்தாவின் மோகன் பகான் கிளப்பில் 1974ல் சேர்ந்த சுப்ரதா பட்டாச்சார்யா, 1990ல் ஆட்டத்தை நிறுத்தும்வரை வேறொரு கிளப்பின் சட்டையைப் போடவில்லை. பின்களத்தின் நடுவில் நிற்கும் ஸ்டாப்பர் அவர். கோல் அடிப்பவனுக்குக் கிடைக்கும் புகழ் அந்த இடத்துக்குக் கிடைப்பதில்லை. தவறினால் வசவு மட்டும் முழுதாக வந்து சேரும். அப்படிப்பட்ட இடத்தில் 17 பருவங்கள் நின்றவர், பிறகு அதே கிளப்புக்குப் பயிற்சியாளராக வந்து இரண்டு முறை தேசிய லீக் பட்டத்தை வாங்கிக் கொடுத்தார். இதை ஒரு மனிதரின் நற்குணம் என்று புகழ்ந்துவிட்டுப் போவது எளிது. என் எண்ணம் வேறு. விசுவாசம் வீரனின் மனத்தில் மட்டும் பிறப்பதில்லை. அவன் நிற்பதற்கு ஓர் இடத்தைக் கட்டி, தோற்றாலும் அந்த இடத்தைக் கலைக்காமல் வைத்திருக்கும் அமைப்புதான் அதை உண்டாக்குகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் கால்பந்தை நேசிப்பவர்கள் அவருடைய வரலாற்றைப் படிக்க வேண்டியது இதற்காகத்தான்.

அவர் சேர்ந்த காலம் மோகன் பகானுக்கு நல்ல காலமில்லை. 1970 முதல் 1975 வரை கல்கத்தா லீக்கை ஆறு ஆண்டும் தொடர்ந்து ஈஸ்ட் பெங்கால்தான் வென்றது. 1975 ஐஎஃப்ஏ ஷீல்டு இறுதியாட்டத்தில் அதே எதிரியிடம் மோகன் பகான் 0-5 என்று தோற்றது. ரசிகர்களின் கோபத்துக்கு அஞ்சி வீரர்கள் சிலர் அந்த இரவைக் கங்கையில் படகில் கழித்தார்கள் என்று கொல்கத்தாவில் இன்றும் சொல்வார்கள். போக இடமில்லாததால்தான் அவர் தங்கினார், அந்தக் காலத்தில் வீரர்களுக்கு ஏது சந்தை என்று கேட்கலாம். சந்தை இருந்தது, அதுவும் சூடாகவே இருந்தது. சுபாஷ் பௌமிக் இந்த இரண்டு கிளப்புகளுக்கும் மாறி மாறி ஆடினார். 1980ல் ஈஸ்ட் பெங்காலின் முன்னணி வீரர்கள் பலர் கூட்டமாக முகமதன் ஸ்போர்டிங்குக்குப் போனார்கள். ஆக, தங்கியது ஒரு தேர்வு. அந்தத் தேர்வைத் தாங்கிப் பிடித்தது கிளப். படுதோல்விக்கு அடுத்த ஆண்டே ஈஸ்ட் பெங்காலிலிருந்து பி. கே. பானர்ஜியைப் பயிற்சியாளராகக் கொண்டுவந்து லீக்கை மீட்டது. 1977 செப்டம்பர் 24 அன்று ஈடன் கார்டனில் பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியை 2-2 என்று சமன் செய்தபோது, பின்களத்தில் சுப்ரதா இருந்தார். அந்தப் பருவத்தில் ஷீல்டு, டூரண்ட், ரோவர்ஸ் மூன்று கோப்பைகளும் மோகன் பகானுக்கே வந்தன.

அவருக்கு முன்னோடியும் அதே கிளப்பில்தான் இருந்தார். 1942 முதல் 1960 வரை மோகன் பகானின் பின்களத்தைக் காத்த சைலேன் மன்னா, 1951 டெல்லி ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் அவருக்கு வேலை இருந்தது. மாதச் சம்பளம் ஓரிடத்திலிருந்து வந்ததால், கிளப்பை மாற்றிப் பிழைக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு வரவில்லை. இதற்கு நேரெதிராகப் பீட்டர் தங்கராஜைப் பார்க்கலாம். மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்காக 1955லும் 1958லும் டூரண்ட் கோப்பை வென்ற அந்தக் கோல்கீப்பர், பிறகு கொல்கத்தாவின் மூன்று பெரிய கிளப்புகளுக்கும் ஆடினார். அவரை விசுவாசமற்றவர் என்று யாரும் சொல்லத் துணியமாட்டார்கள். தமிழ் மண்ணில் அவரைப் பிடித்து வைக்க அத்தனை பெரிய கிளப் இருக்கவில்லை. திறமை, அதற்கு இடமிருந்த ஊருக்குப் போனது.

ஒரே கிளப்பில் நின்றவன்தான் நல்ல பயிற்சியாளன் ஆவான் என்று நான் வாதிடவில்லை. அந்த வாதத்தை முறியடிக்கப் பௌமிக் ஒருவரே போதும்: கிளப் மாறிக்கொண்டே இருந்த அந்த முன்கள வீரர்தான் பயிற்சியாளராக ஈஸ்ட் பெங்காலுக்கு 2003 ஆசியான் கிளப் கோப்பையை வாங்கித் தந்தார். சுப்ரதாவும் பின்னாளில் ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சி அளித்ததுண்டு. அதில் துரோகம் எதுவுமில்லை. பயிற்சி என்பது தொழில். நான் பார்ப்பது வேறொன்று. பின்களத்தில் நிற்பவன் மைதானம் முழுவதையும் முன்னால் வைத்துக்கொண்டு ஆடுகிறான், பத்துப் பேரைக் கத்தி நகர்த்துகிறான். பயிற்சி வேலையில் பாதியை ஆடும்போதே பழகிவிடுகிறான். அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர, அவன் திரும்பி வர ஒரு கிளப் மிஞ்சியிருக்க வேண்டும். மோகன் பகான் மிஞ்சியிருந்தது. அது வென்ற மூன்று தேசிய லீக் பட்டங்களில் இரண்டு, 1999-2000, 2001-02 பருவங்களில், சுப்ரதாவின் பயிற்சியில் வந்தவை. 2002ல் அங்கே சேர்ந்த 17 வயதுப் பையன் சுனில் சேத்ரி அவரிடம்தான் தொழிலைத் தொடங்கினான்.

தமிழ்நாட்டில் இந்தச் சங்கிலி வேறு வடிவத்தில் இருந்தது. இங்கே கால்பந்தைத் தாங்கியவை ரயில்வே, ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலை, வங்கி போன்ற டிபார்ட்மென்ட் அணிகள். சையது சபீர் பாஷா முன்கள வீரர்தான், ஆனாலும் பொருத்தமான சான்று: இந்தியன் வங்கிக்கு ஆடினார், அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆனார், பின்பு 2018ல் ஐஎஸ்எல் பட்டம் வென்ற சென்னையின் எஃப்சியில் உதவிப் பயிற்சியாளராக இருந்தார். வேலைக்கு ஆள் எடுத்து அணி கட்டிய அந்த வங்கி அணி 2003-04ல் தேசிய லீக்கிலேயே ஆடியது. இன்று வீரனுக்குக் கிடைப்பது சில பருவ ஒப்பந்தம். பணம் கூடியிருக்கிறது, நல்லதுதான். ஆடி முடித்தபின் திரும்பி வர ஓர் இடம் என்பது குறைந்துகொண்டே வருகிறது.

விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளில் ரயில் பிரிகிறது. சென்னை லீக்கில் ஆட ஆசைப்படும் பையன் இங்கிருந்து சுமார் 160 கிலோமீட்டர் போக வேண்டும், திண்டிவனத்துப் பையன் அதைவிடச் சற்றுக் குறைவாக. போனவன் அங்கேயே தங்கிவிடுகிறான். அவன் கற்றதும் அங்கேயே தங்கிவிடுகிறது. சின்ன ஊர் கிளப் நடத்தப் பணத்துக்கு எங்கே போகும் என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 1889ல் மோகன் பகான் தொடங்கியபோது அது வடகொல்கத்தாவின் ஒரு வட்டாரத்து இளைஞர்களின் கிளப். 1911ல் ஈஸ்ட் யார்க்‌ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று வீழ்த்தி ஷீல்டை வென்ற அந்த அணியில் ஒருவரைத் தவிர எல்லாரும் வெறுங்காலில் ஆடினார்கள். சென்னையில் உள்ள நம் வியாசர்பாடியும் பணக்கார இடமில்லை. அங்கிருந்து வந்த தனபால் கணேஷ்தான் சென்னையின் எஃப்சியின் 2018 பட்டத்தில் பங்கேற்றார். எனவே விழுப்புரம், திண்டிவனம் நகராட்சிகளையும் பள்ளிகளையும் கேட்பது இதுதான்: ஒரு மைதானத்தைக் கால்பந்துக்கென்று நிரந்தரமாக ஒதுக்குங்கள், பெயரும் சட்டையும் மாறாத ஒரு கிளப்பைப் பதிவு செய்யுங்கள், வெளியூரில் ஆடி முடித்து ஊர் திரும்பும் முதல் ஸ்டாப்பரிடம் அதன் சிறுவர் அணியை ஒப்படையுங்கள்.